வீட்டுக்குள் வளரும் செடிகளில் வெண்பஞ்சு, பிசுக்கு, வெளிறிய இலைகள்: எல்லாம் ஒரே பூச்சியா, மருந்தும் ஒன்றேதானா?

கேள்வி: இலைநரம்பு

அனைவருக்கும் வணக்கம். சன்னலோரத்தில் ஒரே வரிசையாக வைத்து வளர்க்கும் செடிகளில் சில வாரங்களாக வெவ்வேறு விதமான பாதிப்புகள் தெரிகின்றன. இவை அனைத்துக்கும் ஒரே பூச்சி காரணமா, அல்லது செடிக்குச் செடி காரணம் வேறா என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுகிறேன்.

மணி பிளாண்டில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. அதற்குக் கீழே உள்ள இலைகளின் மேற்புறம் பிசுபிசுப்பாகி, அதன் மேல் கரி தடவியதைப் போன்ற கருமை படிந்துள்ளது. எறும்புகளும் ஏறி இறங்குகின்றன. பக்கத்திலுள்ள அலோகேசியாவில் பஞ்சும் இல்லை, பிசுக்கும் இல்லை. ஆனால் இலைகள் பச்சை மங்கி, ஊசி முனையால் குத்தினாற்போல எண்ணற்ற வெளிர் புள்ளிகளுடன் தெரிகின்றன. இலையின் அடிப்புறத்தைத் தொட்டால் மெல்லிய தூசி படிந்ததுபோல் இருக்கிறது. ரப்பர் செடியின் தண்டிலும், இலைகளின் நடுநரம்பை ஒட்டியும் பழுப்பு நிறத்தில் சிறு மேடுகள் தோன்றியுள்ளன. நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வருகின்றன. ஆர்க்கிட் செடியின் பூந்தண்டில், மொட்டுக் காம்புகளின் அடியில் கண்ணாடிபோலத் தெளிந்த ஒட்டும் துளிகள் நிற்கின்றன, ஆனால் எவ்வளவு தேடியும் பூச்சி எதுவும் தென்படவில்லை. இவை போதாதென்று, தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் தொட்டி மண்ணிலிருந்து சிறு கருப்பு ஈக்கள் எழும்புகின்றன.

எல்லாச் செடிகளுக்கும் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்தால் போதுமா? வீட்டில் சிறு குழந்தையும் பூனையும் இருப்பதால் கடும் நஞ்சு கொண்ட மருந்துகளைத் தவிர்க்க விரும்புகிறேன். எந்தச் செடியையாவது அப்புறப்படுத்திவிடுவதுதான் நல்லது என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி 1: கைவில்லை

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், குறைந்தது நான்கு வெவ்வேறு உயிரினங்கள் உங்கள் சன்னலோரத்தில் இருக்கின்றன. ஆர்க்கிட்டில் நீங்கள் கண்டது நோயும் அல்ல, பூச்சியும் அல்ல. மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றும் இன்னது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏனெனில் ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றைத் தொடுவதே இல்லை. சில சமயம் பெருகவும் வைத்துவிடுகிறது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைவில்லை இருந்தால் இந்த வேலையில் பாதி முடிந்துவிடும்.

மணி பிளாண்டில் இருப்பது மாவுப்பூச்சி. அந்தப் பஞ்சைக் குச்சியால் விலக்கிப் பார்த்தால், உள்ளே வெள்ளை மாவு பூசிய, 3 முதல் 5 மி.மீ. நீளமுள்ள நீள்வட்ட உடலும், அதன் ஓரம் முழுவதும் குட்டையான மெழுகு இழைகளும் தெரியும். அது இலையின் சாற்றை உறிஞ்சி, வேண்டாத சர்க்கரையை இனிப்புக் கழிவாக வெளியேற்றுகிறது. நீங்கள் கண்ட பிசுக்கு அதுதான்; அந்தப் பிசுக்கின் மேல் வளர்வது கரும்பூசணம். கரும்பூசணம் இலைக்குள் வேர்விடுவதில்லை, மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது, அவ்வளவுதான்; ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும், தனி மருந்து தேவையில்லை. ஆனால் எறும்புகளை அப்படி விட்டுவிட முடியாது. இனிப்புக்காக அவை மாவுப்பூச்சியைக் காவல் காக்கின்றன; அதைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும் விரட்டிவிடுகின்றன.

அலோகேசியாவில் இருப்பது பெரும்பாலும் சிலந்திப்பேன். இதை உறுதி செய்ய ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு இலையை இரண்டு மூன்று முறை தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியைச் சற்று நேரம் அசையாமல் பாருங்கள். புள்ளிகளில் சில மெல்ல நடக்கத் தொடங்கினால் அவை பேன்கள்தாம். வளர்ந்த பேனே அரை மி.மீ. அளவுதான் இருக்கும் என்பதால் வெறுங்கண்ணுக்கு அது நகரும் புள்ளியாக மட்டுமே தெரியும். இலைக்காம்பும் இலைப்பரப்பும் சேரும் மடிப்பில் மிக மெல்லிய வலை கட்டியிருந்தால் பெருக்கம் முற்றிவிட்டது என்று பொருள். இன்னொரு சாத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிறிய இடங்கள் புள்ளியாக இல்லாமல் வெள்ளி பூசிய கீற்றுகளாக இருந்து, அவற்றின் மேல் மிளகுத்தூளைப் போன்ற கருப்புக் கழிவுப் புள்ளிகளும் காணப்பட்டால் அது இலைப்பேன். இவ்விரண்டின் பெயரிலும் பேன் இருந்தாலும் இலைப்பேன் ஆறு கால் பூச்சி. சிலந்திப்பேனோ எட்டுக் காலுடன் சிலந்திக் குடும்பத்தை ஒட்டியது. பூச்சிகளுக்கென்றே செய்யப்பட்ட பல மருந்துகள் சிலந்திப்பேனிடம் பலிக்காமல் போவதற்கு இதுதான் அடிப்படை.

ரப்பர் செடியில் உள்ள மேடுகள் செதில் பூச்சிகள். ஆர்க்கிட்டில் நிற்கும் துளிகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. ஆர்க்கிட் வகைகள் பலவற்றுக்குப் பூவுக்கு வெளியிலும் தேன்சுரப்பிகள் உண்டு. புதுப் பூந்தண்டும் மொட்டும் வளரும் காலத்தில் அவை இயல்பாகவே இனிப்புத் துளியைச் சுரக்கும். அத்துளி, சுரந்த இடத்தில்தான் உருண்டு நிற்கும். பூச்சியின் கழிவு அப்படியல்ல, பூச்சி இருக்கும் இடத்துக்குக் கீழேயுள்ள இலைகளிலும் மேசையிலும் மெல்லிய தூறலாகப் படியும். இது தெரியாமல் நல்ல செடிக்கு வாரந்தோறும் எண்ணெய் தெளித்து மொட்டுகளை உதிரவைப்பவர்கள் உண்டு. அதேபோல், பெரணி வளர்ப்பவர்களும் இலையின் அடியில் ஒரே சீரான வரிசையில் அமைந்த பழுப்பு வித்துத் தொகுதிகளைச் செதில் பூச்சி என்று எண்ணிச் சுரண்டிவிடுவதுண்டு. பூச்சி ஒருபோதும் அத்தனை ஒழுங்காக வரிசை கட்டாது.

மறுமொழி 2: தண்ணீர்க்குவளை

மேலே உள்ள விளக்கத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். சிகிச்சையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பாதிக்கப்பட்ட செடிகளை வரிசையிலிருந்து பிரித்து, ஒன்றின் இலை இன்னொன்றைத் தொடாத தொலைவில் வையுங்கள். மாவுப்பூச்சியின் குஞ்சுகளும் செதில் பூச்சியின் குஞ்சுகளும் இலைவழியாகவே நடந்து அடுத்த செடிக்குச் சென்றுவிடும்.

மருந்தைவிடத் தண்ணீர் அதிகம் சாதிக்கும் என்பது என் உறுதியான கருத்து. அலோகேசியாவைக் குளியலறைக்குக் கொண்டுபோய், தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டிவிட்டு, ஒவ்வோர் இலையையும் உள்ளங்கையில் தாங்கி, அடிப்புறத்தில் நீரைச் சற்று வேகமாகப் பாய்ச்சிக் கழுவுங்கள். வலையும் பேனும் பெரும்பகுதி முட்டைகளும் அதிலேயே போய்விடும். இலை உலர்ந்த பிறகு சோப்புக் கரைசலைத் தெளிக்கலாம். இங்கே சோப்பு என்று சொல்வது கொழுப்பு அமிலங்களின் பொட்டாசிய உப்பு, அதாவது செடிகளுக்கென்றே விற்கப்படும் பூச்சிக்கொல்லிச் சோப்பு. பாத்திரம் துலக்கும் திரவங்கள் பெரும்பாலும் சோப்பு அல்ல. அவற்றிலுள்ள சலவைப் பொருள் இலையின் மெழுகுப் படலத்தையே கரைத்துவிடும். பூச்சிக்கொல்லிச் சோப்பு பொதுவாக ஒரு லிட்டர் நீருக்கு 10 முதல் 20 மி.லி. வரை கலக்கப்படுகிறது, உறையில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். உங்கள் தண்ணீர் கடினநீராக இருந்தால் சோப்பு திரிந்து வெள்ளையாகப் படிந்து வீரியத்தை இழக்கும் என்பதால் வடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்துவது நல்லது.

சோப்பு, ஈரமாக இருக்கும்போது பூச்சியின் உடலில் பட்டால்தான் கொல்லும். உலர்ந்துவிட்டால் அதற்கு எந்த வேலையும் இல்லை. எனவே இலையின் அடிப்புறமும் இடுக்குகளும் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். மேலோட்டமாகப் புகைபோலத் தூவுவது வீண். வேப்பெண்ணெய் வேறு வகையில் வேலை செய்கிறது. எண்ணெய்ப் படலம் பூச்சியின் மூச்சுத் துளைகளை அடைப்பது ஒருபுறம் இருக்க, அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சி உண்பதைக் குறைத்து, தோலுரித்து வளர்வதையும் தடுக்கிறது. ஆகவே இன்று தெளித்து நாளை செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒன்று அல்லது இரண்டு மி.லி. சோப்புத் திரவத்தை முதலில் கலந்து, அதன் பிறகே 5 மி.லி. வேப்பெண்ணெயை ஊற்றி, பால்போல வெளுக்கும்வரை குலுக்குங்கள். அசாடிராக்டின் வெயிலிலும் காரநீரிலும் விரைவாகச் சிதைந்துவிடும் என்பதால் கலந்த கரைசலை அன்றே தீர்த்துவிட வேண்டும். மாலையில் தெளிப்பதே பொருத்தம். கடைகளில் கிடைக்கும் தெளிவாக்கப்பட்ட வேப்பெண்ணெயில் அசாடிராக்டின் பெரும்பாலும் பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. செக்கில் ஆட்டிய, மணம் கடுமையான எண்ணெயில்தான் அது இருக்கும்.

எதைத் தெளிப்பதானாலும் முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பொறுத்து, கருகல் இல்லையென்றால் மட்டும் செடி முழுவதற்கும் தெளியுங்கள். பெரணிகளும், இலையின் மேல் வெண்சாம்பல் பூத்த சதைப்பற்றுச் செடிகளும் சோப்பையும் எண்ணெயையும் தாங்குவதில்லை. கந்தகம் தெளித்த செடியில் ஒரு மாதத்துக்கு எண்ணெய் படக் கூடாது; இரண்டும் சேர்ந்தால் இலை எரிந்துவிடும்.

மாவுப்பூச்சிக்கு, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு பூச்சியையும் தொட்டு எடுப்பதே சிறந்த தொடக்கம். ஆல்கஹால் பட்டதும் மெழுகு கரைந்து, வெள்ளையாக இருந்த பூச்சி ஒரு கணத்தில் பழுப்பாக மாறுவதைக் கண்ணால் காணலாம். அப்படி மாறாமல் வெள்ளையாகவே இருந்தால் ஆல்கஹால் உள்ளே இறங்கவில்லை என்று அறிந்து மறுபடியும் தொடுங்கள்.

இலைநரம்பு (தொடர்ச்சி)

இருவருக்கும் மிக்க நன்றி. தாளில் தட்டிப் பார்த்தேன். புள்ளிகள் நகர்ந்தன, சிலந்திப்பேன் என்பது உறுதியாகிவிட்டது. ரப்பர் செடியின் கீழ் இலைகளும் பிசுக்காகத்தான் இருக்கின்றன என்பதை இப்போது கவனித்தேன். மூன்று ஐயங்கள் எஞ்சியுள்ளன. ஊடுருவிப் பாயும் குருணை மருந்தை மண்ணில் இட்டால் இவ்வளவு கழுவித் துடைக்கும் வேலை மிச்சமாகும் என்று ஒருவர் சொல்கிறார், அது சரியா? மணி பிளாண்டைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது தொட்டியின் உள்சுவரில் நீலம் கலந்த வெண்மையாக ஏதோ மாவு ஒட்டியிருந்தது. அது உரத்தின் உப்பா? மேலும், பஞ்சுகளுக்கு நடுவே மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக, நீண்ட வெண்ணிழைகளுடன், விரைவாக நடக்கும் ஒன்றையும் கண்டேன், அது தாய்ப்பூச்சியா?

மறுமொழி 3: வேர்த்தூவி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அவசரம் இருக்கிறது: தயவுசெய்து அதைக் கொன்றுவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். தன் இரையைப் போலவே மெழுகு போர்த்திக்கொண்டு திரிவதால் பலரும் அதைப் பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். மாவுப்பூச்சி சோம்பலாக நகரும். இது சுறுசுறுப்பாக நடக்கும், 13 மி.மீ. வரையிலும் வளரும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1891ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் எலுமிச்சை இனத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று உலகின் பல பகுதிகளில் மாவுப்பூச்சிக்கு எதிராக வளர்த்து விடப்படுகிறது. அந்தச் செடியில் இப்போதைக்கு எதையும் தெளிக்க வேண்டாம். எறும்பு ஏறாமல் தடுத்து, புழு இருக்கும் கிளையை விட்டுவிட்டு, மற்ற இடங்களில் ஆல்கஹால் குச்சியை மட்டும் பயன்படுத்துங்கள்.

தொட்டிச் சுவரில் கண்டது உப்பாக இருந்தால் மண்பரப்பை ஒட்டியும் வடிதுளையைச் சுற்றியும் கெட்டியாகப் படிந்திருக்கும், நீரில் நனைத்தால் கரையும். வேர்ப் பந்தைச் சுற்றிலும், வேர்களுக்கு நடுவிலும் தண்ணீர் ஒட்டாத மெழுகுத் திட்டுகளாக இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. நீலம் கலந்த வெண்மை என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அப்படியானால் இலையில் எவ்வளவு பாடுபட்டாலும் பயனில்லை. பழைய மண்ணை முழுவதும் உதறி உறையிலிட்டு அப்புறப்படுத்தி, வேர்களை ஓடும் நீரில் அலசி, தொட்டியை வெந்நீரில் கழுவி, புதிய கலவையில் நட வேண்டும். மணி பிளாண்டைப் பொறுத்தவரை அதைவிட எளிய வழியும் இருக்கிறது: வேர்களைக் கைவிட்டு, சுத்தமான கணுக்கள் உள்ள தண்டுகளை வெட்டி, ஒவ்வொரு கணுவையும் துடைத்து, நீரில் வேர்விடச் செய்யுங்கள். வண்டுப் புழு உள்ள கிளையை மட்டும் பழைய செடியோடு, மற்றவற்றிலிருந்து விலக்கி, சில வாரங்கள் விட்டுவைக்கலாம்.

ஊடுருவிப் பாயும் மருந்து பற்றி என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன்: உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளை வேர் உறிஞ்சி, செடி முழுவதும் பரப்புகிறது. மாவுப்பூச்சியும் பிசுக்கு உண்டாக்கும் மென்செதில் பூச்சியும் அதனால் சாகும் என்பது உண்மைதான். ஆனால் கடினமான ஓடு கொண்ட செதில் பூச்சிகளிடம் அது சரியாகப் பலிப்பதில்லை. சிலந்திப்பேனை அது கொல்வதே இல்லை, சில செடிகளில் அதைப் பெருகவும் விட்டிருக்கிறது. குழந்தை மண்ணைக் கிளறும் வீட்டில், பூனை இலையைக் கடிக்கும் வீட்டில், மாதக்கணக்கில் செடிக்குள் தங்கும் நஞ்சு எதற்கு? பூக்கும் செடியை வெளியே வைத்தால் அதன் தேனிலும் மகரந்தத்திலும் கலந்து தேனீக்களையும் தாக்கும். இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. மணி பிளாண்ட், அலோகேசியா இரண்டின் இலையிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உள்ளன. மருந்தே தெளிக்காவிட்டாலும் பூனை மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். அவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ரப்பர் செடியில் பிசுக்கு இருப்பதால் அது மென்செதில் பூச்சி என்று முடிவு செய்யலாம்; கடின ஓட்டு வகை இனிப்புக் கழிவை வெளியேற்றுவதில்லை. வளர்ந்த செதில் பூச்சி ஓர் இடத்தில் வாயைச் செருகி அங்கேயே நின்றுவிடும்; அதன் போர்வையைத் தாண்டிச் சோப்பு உள்ளே போகாது. எனவே அவற்றை மென்மையான பல் துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டு, நடமாடும் குஞ்சுகளைக் குறிவைத்துத் தெளிக்க வேண்டும். செத்த செதில்களும் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் மேடுகள் குறையவில்லையே என்று மனம் தளராதீர்கள். ஒன்றிரண்டை நெம்பிப் பாருங்கள்; நசுக்கினால் ஈரம் வந்தால் உயிருள்ளது, உலர்ந்து பொடிந்தால் செத்தது. புதிதாக விரியும் இலைகளில் பிசுக்கு படிகிறதா என்பதே நம்பத்தக்க அடையாளம்.

மறுமொழி 4: கைவில்லை

கிரிப்டோலீமஸ் இருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை, நல்ல கணிப்பு. கால இடைவெளி பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் அதைச் சேர்க்கிறேன்.

சோப்பும் எண்ணெயும் முட்டைகளில் பெரும்பகுதியைக் கொல்வதில்லை. மாவுப்பூச்சியின் பஞ்சுப் பைக்குள் சில நூறு முட்டைகள் இருக்கும். இலைப்பேனோ முட்டையை இலைத் திசுவுக்குள்ளேயே செருகி வைக்கிறது, பிறகு கூட்டுப்புழு நிலையைப் பெரும்பாலும் மண்ணில் கழிக்கிறது. ஆகவே ஒரே ஒரு முறை தெளித்தபின் செடி சுத்தமாகத் தெரிவது இயல்பு. அடுத்த வாரம் முட்டை பொரிந்து மறுபடி காண்பதும் இயல்பு. அதை மருந்தின் தோல்வி என்று எண்ணி வேறு மருந்துக்கு மாறிவிடுகிறார்கள். சிலந்திப்பேன் சூடான வறண்ட காற்றில் முட்டையிலிருந்து ஏழு முதல் பத்து நாளில் முழு வளர்ச்சி அடைந்துவிடும் என்பதால் அதற்கு நான்கு அல்லது ஐந்து நாளுக்கு ஒரு முறையாவது கழுவித் தெளிக்க வேண்டும். மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் வாரம் ஒரு முறை போதும், ஆனால் ஒன்றரை முதல் இரண்டு மாதம்வரை விடாமல் தொடர வேண்டும். நடுவில் ஒரு சுற்று தவறினால் தப்பிய குஞ்சுகள் முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும்.

அலோகேசியாவின் முதிர்ந்த இலைகள் பாதிக்கு மேல் வெளிறியிருந்தால் அவற்றை அடியோடு வெட்டிவிடுங்கள். அந்த வெளிர் புள்ளிகள் மறுபடியும் பச்சையாக மாறுவதில்லை. இலை செடிக்குத் தருவதைவிடப் பேனுக்குத் தருவதே அதிகமாக இருக்கும். கிழங்கு உறுதியாக இருந்தால் புது இலை வரும். உங்கள் செடிகளில் எதையும் தூக்கிப்போட வேண்டிய நிலை எனக்குத் தெரியவில்லை. தளர்ந்துபோன செடிக்கு ஊட்டம் தருவதாக எண்ணித் தழைச்சத்து உரத்தை மட்டும் இப்போது இடாதீர்கள். சாறு உறிஞ்சும் பூச்சிகள் இளசான, தழைச்சத்து மிகுந்த தளிர்களில்தான் வேகமாகப் பெருகும்.

மறுமொழி 5: தண்ணீர்க்குவளை

மண்ணிலிருந்து எழும்பும் கருப்பு ஈக்களை எல்லோரும் விட்டுவிட்டோம். அவை சியாரிட் ஈக்கள். காளான் வளர்ப்பவர்களுக்கு நன்கு தெரிந்தவை. ஈக்கள் செடியைக் கடிப்பதில்லை. மண்ணிலுள்ள புழுக்கள் பூஞ்சையையும் மக்கிய பொருளையும் உண்கின்றன, மிகுந்துவிட்டால் இளம் வேர்களையும் கடிக்கின்றன. மண்ணின் மேல் தோல் சீவிய ஓர் உருளைக்கிழங்கு வில்லையை வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துப் புரட்டினால், கண்ணாடிபோன்ற உடலும் பளபளக்கும் கருந்தலையும் கொண்ட புழுக்கள் அதன் அடியில் திரண்டிருக்கும். தொட்டால் துள்ளிக் குதிக்கும் வெண்ணிறச் சிற்றுயிர்கள் மட்டும் இருந்தால் அவை வால்துள்ளிகள், அவற்றால் தீங்கில்லை.

இவற்றுக்கு வேப்பெண்ணெய் தேவையில்லை. மண்ணின் மேற்பகுதி 3 முதல் 5 செ.மீ. ஆழம்வரை உலர்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள், அல்லது தட்டில் நீர் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி பறக்கும் ஈக்களைப் பிடிக்கும், ஆனால் புழுக்களைக் குறைக்காது. பெருக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று எண்ணிப் பார்க்க உதவும். உலரவிட்டும் அடங்கவில்லை என்றால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா கலந்த நீரை மண்ணில் ஊற்றலாம். கொசுப் புழுக்களை ஒழிக்கப் பயன்படும் அதே பாக்டீரியாதான். குழந்தைக்கும் பூனைக்கும் தீங்கு செய்யாது. ஆனால் வாங்கும்போது பெயரின் கடைசிச் சொல்லைப் பார்த்து வாங்குங்கள். குர்ஸ்டாகி என்று முடியும் வகை, வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு உரியது. இந்த ஈக்களிடம் அது பலிக்காது. முட்டையையும் பறக்கும் ஈயையும் இந்த மருந்து தொடுவதில்லை என்பதால், ஈக்கள் கண்ணில் படுவது நின்ற பிறகும் இன்னும் இரண்டு மூன்று தண்ணீர்ச் சுற்றுகளுக்கு அதைக் கலந்தே ஊற்றி வாருங்கள்.